அளவுக்கு மிஞ்சிய அசற்றிக் அமிலம்

மனிதரின் மலத்தில் இருக்கும் கொழுப்பமிலங்களை அளப்பது என் வேலை. கலியாண வீடுகளில் யாராவது விசாரித்தால், யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பந்தியில் இருப்பவர்களைக் கலைக்கக்கூடாது அல்லவா.

நாம் உண்ணும் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள கிருமிகள் புளிக்கவைக்கும்போது இந்தச் சிறு அமிலங்கள் உண்டாகின்றன. மாதிரியைத் தண்ணீரில் கரைத்து, சுழற்றி, வடித்து, திரவ நிறப்பகுப்பு இயந்திரத்துக்குள் செலுத்தினால் ஒவ்வோர் அமிலமும் தன் முறைக்கு வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு எழும். முகடு பெரிதென்றால் அமிலமும் அதிகம். நடுவில் கரண்ட் போனால் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

பெருங்குடலில் புண் உள்ளவர்களிடம் மாதிரி சேகரித்துக்கொண்டிருந்தோம். அவர்களில் ஒருவர் பருத்தித்துறைப் பக்கத்து அன்ரி. கணவர் கடற்றொழில். நோய் வந்த பிறகு அன்ரி பஸ் ஏறுவதையும் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார் என்று கணவர் சொல்லியிருந்தார். இந்த ஆய்வுக்கு மட்டும் அன்ரி தானாகவே வந்து பெயர் கொடுத்தார்.

அவருடைய மாதிரியில் அசற்றிக் அமிலத்தின் முகடு திரையின் உச்சியை முட்டியது. மற்ற அமிலங்கள் பாவம், தரையோடு கிடந்தன. எங்கள் பேராசிரியருக்கு, புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று புளுகம் தாங்கவில்லை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. இயந்திரத்தைக் கழுவி, மாதிரியை இன்னும் தண்ணீர் விட்டு ஐதாக்கி மறுபடி ஓட்டினேன். அதே முகடு. அடுத்து வாங்கிய மாதிரியும் அப்படியே. காரணம் தெரியாவிட்டால் அன்ரியை ஆய்விலிருந்து நீக்கவேண்டி வரும். அதைக் கேட்க வீட்டுக்குப் போனேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். சோறு, மீன், பாண். விசேஷமாக ஒன்றுமில்லை. பிறகு, மாதிரி எடுக்க நாங்கள் கொடுத்த போத்தலை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா வினாகிரி போட்டுக் கழுவித்தான் எடுக்கிறனான்," என்றார். "மூடுறதுக்கு முதலும் கொஞ்சம் விடுவன். மீன் வெட்டின பலகைக்கும் அதுதானே போடுறனாங்கள். மணம் எடுபட்டுப்போம்."

வினாகிரி என்றால் அசற்றிக் அமிலம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"அன்ரி, இனிக் கழுவாமல் தாங்கோ. வினாகிரியும் விடவேண்டாம்."

"ஐயோ பிள்ளை, அப்பிடியே எப்பிடித் தாறது? நீர் கையாலை தொடுறனீரெல்லே."

"கையுறை போட்டுத்தான் தொடுவன். எனக்கு இது பழக்கம்."

"என்ரை மணம் உமக்குப் பழக்கமில்லை," என்றார். "வேண்டாம், என்னை விட்டிடும்." எழுந்து உள்ளே போய்விட்டார்.

வரும் வழியெல்லாம் எனக்கு மனம் சரியில்லை. ஒரு மாதிரி குறைந்தால் வேறொன்று எடுக்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். அது உண்மைதான்.

அடுத்த கிழமை அன்ரியின் கணவர் ஐஸ் போட்ட பெட்டியோடு ஆய்வுகூட வாசலில் நின்றார். "கழுவேல்லையாம். நீங்கள்தான் திறக்கவேணுமாம்," என்றார்.

நானே திறந்தேன். இயந்திரத்தில் ஓட்டியபோது அசற்றிக் முகடு மற்றவர்களுடையதைப் போல அடக்கமாக எழுந்து இறங்கியது. பேராசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. நான் அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"நான்தான் திறந்தனான், அன்ரி. எல்லாரின்ரையும் போலத்தான் மணக்குது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."



"எனக்கு மட்டும்தான் எண்டு இவ்வளவு காலமும் இருந்திட்டன், பிள்ளை," என்றார்.