ஸ்டேஷனடி ஸ்பெகட்டிக் கடை

அந்தக் கடையில் மேசைகள் கிடையாது. சுவரோடு சேர்த்து அடித்த ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் ஏழு முக்காலிகள், அவ்வளவுதான். உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே இளம்பச்சைச் சுவர். பக்கத்தில் இருப்பவரின் முழங்கை தெரியும், முகம் தெரியாது. மாத்தளை ரயில் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் திருத்தும் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே இருந்த அந்த ஒடுங்கிய இடத்தில் நான் நான்கு வருடம் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். தனியாக உண்பவர்களுக்கு அதைவிட வசதியான இடம் எங்கும் இல்லை. எதிரே வெறும் கதிரை இருந்தால்தான் தனிமை உறுத்தும். எதிரே சுவர் இருந்தால் எல்லோரும் தனியாகத்தான் இருக்கிறார்கள்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அம்மா இறந்து இரண்டாம் வருடம் எனக்கு மாத்தளைக்கு இடமாற்றம் வந்தது. மறுக்கலாமா என்று கேட்கப் போனபோது மேலதிகாரி கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே, “உங்களுக்குக் குடும்பம் எண்டு ஒண்டும் இல்லைத்தானே” என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது, கலியாணமாகவில்லை. ஒரு சூட்கேசோடு வந்து, வேலை பார்க்கும் கந்தோருக்குக் கிட்ட மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை.

கடைக்காரியை ஊரே ‘தாத்தா’ என்றுதான் கூப்பிட்டது. அங்குள்ள முஸ்லிம்களிடத்தில் அது அக்காவைக் குறிக்கும் சொல். எனக்கோ தாத்தா என்றால் பொல்லு ஊன்றிய கிழவர். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க, தலைமுக்காட்டை இறுக்கிச் செருகிய ஒரு பெண்ணை அப்படி அழைக்க முதல் வாரம் முழுவதும் என் வாய் கூசியது. “இன்னா பாருங்க மிஸ், நீங்க ஒண்டும் கூப்பிடாம கையை ஆட்டினா எனக்கு விளங்காது” என்று அவர் சொன்ன பிறகுதான் நானும் ஊரோடு சேர்ந்துகொண்டேன்.

அவர் விற்றது இத்தாலிக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன சாப்பாடு. ஸ்பெகட்டி, அதன்மேல் தக்காளிக் குழம்பு, அதில் ஊறிய மூன்று மாட்டிறைச்சி உருண்டைகள். ஓரத்தில் வெள்ளைப்பூடும் பட்டரும் தடவிச் சுட்ட ஒரு துண்டு பாண். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு, சீஸ் போட்டு ஓவனில் வேகவைத்த மக்கரோனி. சோற்றுப் பார்சலுக்குக் கொடுக்கும் விலைதான். குழம்பு காலையிலிருந்தே சிறுதீயில் இருக்கும். ஸ்பெகட்டியை அரைப்பதமாக அவித்து வைத்திருப்பார். ஆள் உள்ளே வந்ததும் அதை அரிதட்டில் அள்ளிக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, உதறி, பீங்கானில் கொட்டிக் குழம்பை ஊற்றுவார். கண்டி ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஓடிவந்தவரும் சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடிக்கலாம். உக்குவளையிலிருந்து வரும் எழுதுவினைஞர்கள், தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், பஸ் சாரதிகள் என்று பகல் முழுவதும் ஆட்கள் வருவார்கள். யாரும் தங்க மாட்டார்கள். ரயில் ஊதியதும் முக்காலிகள் ஒரேயடியாகக் காலியாகும். மிஞ்சுவது நான்தான். எனக்குப் பிடிக்க ரயில் இல்லை.

அப்படி மிஞ்சிய வேளைகளில்தான் அவருடைய கதை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. பலகையைத் துடைத்தபடியே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வார். கணவர் விட்டுப் போனதும், மூன்று வயது மகளை நாவுலையில் தங்கச்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்குப் போயிருக்கிறார். ஓர் அமெரிக்கக் குடும்பம். ஐயா எண்ணெய்க் கம்பனியில் எஞ்சினியர். மேடத்தின் பாட்டன் பூட்டன்மார் இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள். வீட்டில் இரண்டு வயதில் ஒரு மகன். மேடம் ஒரேயொரு தடவை பக்கத்தில் நின்று இந்தக் குழம்பைச் செய்து காட்டினாராம். அடுத்த வாரமே ஒரு பாடசாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அன்று கையில் எடுத்த கரண்டியைத் தாத்தா பதினாறு வருடம் கீழே வைக்கவில்லை. மேடம் செய்ததில் புளிப்புக் கூடிப்போச்சு என்று பிள்ளை துப்பியிருக்கிறான். இவர் கரட்டைத் துருவிப் போட்டார், வெங்காயத்தை இன்னும் நிதானமாக வதக்கினார், இறைச்சி உருண்டையில் கொஞ்சம் பெருஞ்சீரகம் சேர்த்தார். பிள்ளை சாப்பிட்டான். மகன் பதினெட்டு வயதில் படிக்கப் போனதும் குடும்பமே அமெரிக்காவுக்குத் திரும்பியது. இவர் மாத்தளைக்கு வந்து, தெரிந்த ஒரே தொழிலை வைத்துக் கடை போட்டார்.

நாவுலைக்குப் போய் மகளோடு இருந்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். “அவ என்ட தங்கச்சியத்தான் உம்மாண்டு கூப்பிடுறா மிஸ். நான் குவைத்தும்மா. நல்ல புள்ள, மரியாதையா நடப்பா. போனா விருந்தாளிக்கு வெக்கிற மாதிரி நல்ல பீங்கான்ல சோறு வெப்பா.”

மூன்றாம் வருடம், ஒரு மத்தியானம் கைபேசியை என்னிடம் நீட்டினார். ஆங்கிலம் நன்றாகப் பேசுவாரே தவிர வாசிக்க வராது. குவைத்தில் வளர்த்த அந்தப் பிள்ளை எழுதியிருந்தான். அம்மா சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார், மனைவியோடு இலங்கைக்கு வருகிறேன், கண்டியிலிருந்து ஒருநாள் ரயிலில் வந்து உங்களைப் பார்க்க வேண்டும், ஒரு மத்தியானம்தான் நேரம் இருக்கும் என்று. நான் தமிழில் சொல்லி முடித்ததும், மேடம் மௌத்தான பகுதியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, “அவன் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கான்?” என்றார். பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப்பெயரை எழுதியிருந்தான். சொன்னேன். “சின்னதுல தாத்தாண்டுதான் கூப்பிடுவான்” என்றார். கைபேசியை வாங்கி வைத்துவிட்டு இறைச்சி உருட்டப் போனார்.

அவன் வந்த நாளில் நான் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டேன். தாத்தாதான் பக்கத்தில் இருக்கச் சொன்னார். ஏனென்று சொல்லவில்லை. கடையை மூடலாமே என்றேன். ரயிலுக்குப் போகிறவர்கள் பசியோடு போவார்கள் என்று மறுத்துவிட்டார். வாசலில் தலை குனிந்து நுழைய வேண்டிய அளவுக்கு நெடிய இளைஞன். தாத்தாவைக் கட்டிப்பிடித்தான். அவர் அவன் தோளைத் தட்டி, இங்கே நிற்காதே, சாப்பாடு ஆறிவிடும் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பலகையில் உட்கார வைத்தார். இரு பக்கமும் யாரோ அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முதல் வாயை மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மனைவி அவன் முதுகைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் திரும்பித் தாத்தாவைப் பார்த்துச் சொன்னான்: “இது அம்மாவின் கை. அப்படியே என் அம்மா செய்தது. அம்மாவின் சமையலை இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி.”

எனக்குப் பொறுக்கவில்லை. அது உன் அம்மாவின் கை இல்லை, பதினாறு வருடம் உனக்குச் சமைத்துப் போட்டது இந்தக் கை என்று சொல்ல வாயெடுத்தேன். தாத்தா அடுப்பைப் பார்த்தபடியே, தண்ணீர்ப் போத்தலை எடுக்கச் சொல்லும் அதே குரலில் தமிழில் சொன்னார்: “மிஸ், ஒண்டும் சொல்லாதீங்க.” பிறகு அவன் பக்கம் திரும்பி, மேடம் எனக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பீங்கானும் கேட்டான். படம் எடுத்தார்கள். ரயில் ஊதியது. எல்லோரோடும் சேர்ந்து அவனும் எழுந்து போனான். தாத்தா வாசல்வரை போனார், அதற்கு மேல் போகவில்லை.

முக்காலிகள் காலியான பிறகு கேட்டேன். “ஏன் தாத்தா அவனுக்கு உண்மையைச் சொல்லேல்லை?”

“உம்மாவ மண்ணுக்குள்ள வெச்சிட்டு வந்த புள்ள மிஸ். அவனுக்கு மிச்சம் இருக்கிறது இந்த ருசி மட்டும்தான். அதையும் நான் எப்படிப் பறிக்கிறது?” அவனுடைய பீங்கானைக் கழுவி, துடைத்து, மற்றவற்றோடு அடுக்கினார். “என்ட மகளும் அப்படித்தானே. அவளுக்குத் தங்கச்சிட கைதான் உம்மாட கை.”

அவர் அழவில்லை. மாலை ரயிலுக்கு ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். கந்தோருக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அன்று பின்னேரம் எனக்கு லீவு என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த வருடம், இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்தில் அவருடைய கால் வீங்கிப் புண் வந்தது. நின்று சமைக்க முடியவில்லை. நாவுலையிலிருந்து மகளும் மருமகனும் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அந்த இடத்தில் கைபேசி உறைகள் தொங்குகின்றன. நான் மத்தியானத்தில் கந்தோர் மேசையிலேயே, கோப்புகளைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்சலைப் பிரிக்கிறேன்.

போன மாதம் லீவில் யாழ்ப்பாணம் போனபோது அண்ணி, “உமக்கு என்ன சாப்பிட ஆசை, சொல்லும், சமைக்கிறன்” என்று கேட்டார். அம்மாவின் ஒடியற்கூழ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கில் வந்து நின்றது தக்காளியும் பெருஞ்சீரகமும் சேர்ந்த அந்தக் குழம்பு. நான் திகைத்துப் போய், எதுவென்றாலும் பரவாயில்லை என்றேன். திரும்பி வந்த முதல் சனிக்கிழமை நாவுலைக்குப் பஸ் ஏறினேன்.

மகள் நல்ல பெண்தான். நல்ல பீங்கானில் எனக்குச் சோறும் இறைச்சிக் கறியும் வைத்தாள். தாத்தா முன்விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரையில், கட்டுப்போட்ட காலை ஒரு ஸ்டூலில் நீட்டியபடி இருந்தார். குசினிக்குள் போக விடுவதில்லையாம். வழுக்கி விழுந்துவிடுவார் என்று பயம். சாப்பிட்டு முடித்து அவர் அருகே உட்கார்ந்தேன். வயல் காய்ந்து கிடந்தது. அண்ணி கேட்டதையும் எனக்கு நினைவு வந்ததையும் சொன்னேன். “அம்மாட கை இல்லை தாத்தா, உங்கட கைதான் வந்தது” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க மிஸ்” என்றார். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் மெல்ல நகர்த்தி வைத்தார். “அந்தக் குழம்புல உப்புக் கூடிப்போகல்லையா?”

“இல்லை. அளவாத்தான் இருந்தது.”

உள்ளே மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கதிரையோடு என் பக்கம் சாய்ந்தார். “இன்னொருக்காச் சொல்லுங்க மிஸ். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”

“உங்கட கைதான் வந்தது தாத்தா” என்று நான் சத்தமாகச் சொன்னேன். உள்ளே குழாய்ச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தண்ணீர் ஓடத் தொடங்கியது.