மூன்றாம் அட்டவணை

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கும் படிவம் கைக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மலேசியாவின் ஜொகூர் பாருவில் காலையில் வயிற்று நோயாளிகளைப் பார்ப்பேன், பிற்பகலில் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பு, மிச்ச நேரத்தில் ஆய்வு. எழுதிய கட்டுரைகள் எத்தனை, ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று படிவம் கேட்டது. பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. ஆனால் மேற்கோள்களில் பெரும்பகுதி ஒரே கட்டுரைக்கு வந்தவை. மற்றவற்றை என் மாணவர்களைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஒரு கட்டுரை, தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வயிற்றில் வரும் எரிச்சலைப் பற்றியது. ஜொகூர் மாநிலத்து ஊர்களான ரெங்கத்திலும் கெலாங் பாத்தாவிலும் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்திலேயே அவர்களை நிறுத்தி, எப்போது சாப்பிடுகிறார்கள், எப்போது எரிகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டோம். பகல் ஷிஃப்ட்டைவிட இரவு ஷிஃப்ட்டில் தொல்லை அதிகம் என்பது எங்கள் முடிவு.

படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த அதே வாரம், வெளிநாட்டு ஆய்வு மாணவி ஒருத்தி மின்னஞ்சல் அனுப்பினாள். மூன்றாம் அட்டவணையின் எண்கள் கட்டுரையின் முடிவோடு ஒத்துப்போகவில்லையே, மூலத் தகவல்களைப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டிருந்தாள். பழைய கோப்பைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அட்டவணையில் 'பகல்', 'இரவு' என்ற தலைப்புகள் இடம் மாறியிருந்தன. அவற்றைத் தட்டச்சு செய்தது நான்.

எங்களை மேற்கோள் காட்டியவர்களின் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பலர் அட்டவணையை மட்டும் எடுத்திருந்தார்கள். பகல் ஷிஃப்ட் பெண்களுக்கே எரிச்சல் அதிகம் என்று எழுதி, எங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். நான் பெருமையாக நினைத்த எண்ணிக்கையில் இதுவும் சேர்த்தி.

அந்த ஆய்வுக்குப் புள்ளிவிவரம் பார்த்துத் தந்த நண்பர் கெலாங் பாத்தாவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டருகே மாமாக் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அட்டவணைத் தாளைக் காட்டினேன்.

"அலமாக்! நானாவது பாத்திருக்கணும் டாக்டர்."

"தலைப்பு அடிச்சது நான்தான். முதல் பேரும் என்னோடதுதான்."

"ப்ரொமோஷன் முடியட்டும், அப்புறம் ஜர்னலுக்கு எழுதலாமே. யாருக்குத் தெரியப் போவுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரிஞ்சிருச்சு."

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "சரி லா. ரெண்டு பேர் பேருலயும் லெட்டர் போகட்டும்."

துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றை மறைத்துவைத்து, மறைத்ததை ஞாபகமும் வைத்துக்கொள்ள என் உடம்பில் தெம்பில்லை. அவ்வளவுதான்.

கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியர் கேட்ட விளக்கங்களுக்கெல்லாம் பதில் எழுதியே பல மாதங்கள் போயின. கடைசியில் நான்கு வரித் திருத்தக் குறிப்பு ஒன்று வெளியானது. அதற்குள் தேர்வுக்குழு, முக்கியமான கட்டுரை விசாரணையில் இருப்பதால் என் விண்ணப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று துறைத்தலைவர் அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்த சுற்றில் பதவி வேறொருவருக்குப் போனது. வீட்டுக்குக் காரோட்டும்போது கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வாகன நெரிசலில் ஒரு மணிநேரம் நின்றதில் தூக்கம்தான் வந்தது.

சில வாரங்கள் கழித்து ரெங்கத்திலிருந்து ஓர் அம்மா சிகிச்சைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானே பஸ் நிக்கிற எடத்துல கேள்வி கேட்டு எழுதுனீங்க? அது என்னாச்சு டாக்டர்?"

தவறு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"நைட் ஷிஃப்ட்டுலதான் எரியும்னு நாங்க அன்னிக்கே சொன்னோமே. அத மாத்தியா போட்டீங்க?"

"ஆமாம்மா. இப்ப திருத்தியாச்சு."

"திருத்துனத எல்லாரும் படிச்சிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மருந்தை எப்போது சாப்பிடுவது என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளிலிருந்து, தவறான அட்டவணையை எடுத்தாண்டவர்களுக்கு ஒவ்வொருவராகக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். மதிய உணவு நேரத்தில் ஒன்று, முடிந்தால் இரண்டு. பெரும்பாலோரிடமிருந்து பதிலே வருவதில்லை. இதற்கிடையில் புதிய மேற்கோள்களும் வந்துகொண்டிருக்கின்றன. அறிவிப்பு வந்தால் மகிழ்ச்சி வருவதில்லை, எந்த அட்டவணையை எடுத்திருக்கிறார்கள் என்று தேடத்தான் கை போகிறது.

போன வாரம் ஒருவர் பதில் போட்டார். தாதியருக்கான தங்கள் கையேட்டில் பகல் ஷிஃப்ட்டில் எரிச்சல் அதிகம் என்ற வரியை மாற்றிவிட்டார்களாம். படித்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்து, பட்டியலில் அடுத்தவரின் முகவரியைத் தேட ஆரம்பித்தேன்.