படிவத்தில் நான் எழுதிய முகவரி

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். அவருடைய பேச்சும் சிரிப்பும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதத்தான் இந்தப் பக்கங்களை நான் கேட்டு வாங்கினேன். இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது.

அம்மா அந்தியூர்ப் பக்கம் வயல்காட்டுக் கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்து பெண்களில் நடுவில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்ததே என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்றுதான். கல்யாணமாகி உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்தார். நான் மூன்றாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு தென்னந்தோப்புகளில் களை வெட்டி, மட்டை பொறுக்கி என்னைப் படிக்க வைத்தார். வேலைக்கு எப்போதும் அம்மாவோடு சேர்த்து எட்டுப் பேர் போவார்கள். அவர்களில் மூத்தவர் பாப்பக்கா.

கோவையில் பொதுச் சுகாதார ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, வெள்ளைக் கோட்டு போட்ட என் படத்தை அம்மா செல்போனில் மற்ற ஏழு பேருக்கும் காட்டியிருக்கிறார். "உம் பையன் ரத்தம் உறிஞ்சற வேலைக்குப் போயிட்டானாக்கும்" என்று பாப்பக்கா கேலி செய்தாராம். "உறிஞ்சறது கொசுங்கக்கா. அது யாரைக் கடிச்சுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் எம் பையன்" என்றாராம் அம்மா.

ஒருநாள் என்னிடமே கேட்டார், காய்ச்சல் என்று வந்தவருக்கு மாத்திரையைக் கொடுத்து அனுப்பாமல் ரத்தத்தை எதற்கு இத்தனை தூரம் தூக்கி வருகிறீர்கள் என்று. மாத்திரை அந்த ஒருவருக்கு, ரத்தம் சொல்லும் சேதி ஊருக்கே என்றேன். ஒரே இடத்திலிருந்து வந்த இரண்டு மூன்று பேர் ரத்தத்தில் ஒரே நோய் தெரிந்தால் நாங்கள் சுகாதாரத் துறைக்குச் சொல்வோம். அவர்கள் அங்கே போய் மற்றவர்களையும் பார்ப்பார்கள். அதனால் ரத்தம் எவ்வளவு முக்கியமோ, அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதும் அவ்வளவு முக்கியம் என்று விளக்கினேன். "தோப்புல ஒரு மரத்துல வண்டு உழுந்தா பக்கத்து மரத்தையும் பாக்கறாப்லதானே கண்ணு?" என்றார் அம்மா. இத்தனை படித்தும் இதைவிடச் சுருக்கமாக எனக்கு இன்று வரை சொல்ல வரவில்லை.

போன வருடம் மழைக்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு இருக்கலாம் என்று அம்மா கோவைக்கு வந்தார். வந்த நான்காம் நாள் காய்ச்சல். மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுப்பதற்கு முன், ரத்தத்தோடு எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்ப ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நான்தான் நிரப்பினேன்.

முகவரி என்ற இடத்துக்கு வந்தபோது, "உன்ற ஊட்டு அட்ரஸையே எழுது கண்ணு. நானும் கோயமுத்தூர்க்காரியா இருந்துக்கறேன்" என்றார். காய்ச்சலிலும் அந்த முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் அது பிடித்திருந்தது. எழுதினேன். அதற்குக் கீழே, கடந்த இரண்டு வாரத்தில் வெளியூர்ப் பயணம் உண்டா என்று ஒரு கேள்வி. படித்துக் காட்டினேன். சொந்த ஊட்டிலிருந்து வருவதெல்லாம் ஒரு பயணமா என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன்.

படிவத்தில் ஊர்ப் பெயர் சரியாக இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தினமும் போன் செய்து சத்தம் போடுகிறவன் நான்.

நகரத்து முகவரி, பயணம் இல்லை. அதனால் டெங்குவுக்குத்தான் முதலில் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. சந்தேகத்துக்கு மறுபடியும் பார்த்தார்கள். எங்கள் தெருவுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வந்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வைத்தியம் பார்த்தவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நான் எழுதியதை அவர்கள் நம்பினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் எங்கள் ஆய்வகத்தின் தலைமை மேடம் அந்தப் படிவத்தைக் கையில் எடுத்தார். "உங்கம்மா தோப்பு வேலைக்குப் போறவங்கன்னு நீதானேப்பா சொன்னே? இங்க பயணம் இல்லைன்னு இருக்குதே?" என்றார். அவரே மருத்துவருக்குப் போன் செய்து, தோப்பில் வேலை செய்பவர், உடம்பில் பூச்சி கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள் என்றார். செவிலியர் சோதித்தபோது இடுப்பில், சேலைக் கட்டுக்குக் கீழே, சூடு பட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருந்தது. அம்மாவுக்கு அது முன்பே தெரியும். ஏதோ பூச்சிக்கடி, இதைப் போய் மகனிடம் எப்படிக் காட்டுவது என்று இருந்துவிட்டார். உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. அதற்கான மருந்தை உடனே ஆரம்பித்தார்கள். சீக்கிரம் கொடுத்தால் நன்றாகக் கேட்கும் மருந்துதான். ஆனால் மூன்று நாள் போய்விட்டிருந்தது.

சுகாதாரத் துறையினர் தோப்புக்குப் போனபோது மற்ற ஏழு பேரில் இரண்டு பேர் காய்ச்சலோடு படுத்திருந்தார்கள். கடை மாத்திரை போட்டிருந்தார்கள். யாரும் ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ரத்தம் கொடுத்த பிறகுதானே அவள் எழுந்திரிக்காமல் கிடக்கிறாள் என்று பாப்பக்கா பயந்தாராம். அந்த ஊர் நர்சம்மா எனக்குப் போன் செய்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மூக்கில் இருந்த மாஸ்க்கை விலக்கிவிட்டு, போனைக் காதில் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஏனுங்க பாப்பக்கா, ரத்தத்தைக் குடுத்துப்போடுங்க. அது என்ற பையங்கிட்டத்தான் போகுது. அவன் பத்திரமாப் பாத்துக்குவான்."

அம்மா கோர்வையாகப் பேசியது அதுதான் கடைசி.

ஏழு பேரும் கொடுத்தார்கள். மறுநாள் காலை அந்த ஏழு குப்பிகளும் என் மேசைக்கு வந்தன. படிவம் ஒவ்வொன்றிலும் தோப்பின் பெயர் தெளிவாக இருந்தது. மூன்று பேருக்கு நோய் இருந்தது. அதில் பாப்பக்காவும் ஒருவர். அவருக்கு அதுவரை காய்ச்சலே தொடங்கவில்லை. அன்றைக்கே மருந்து போய்ச் சேர்ந்தது. நான் மருத்துவமனைக்கு ஓடினேன். அதற்குள் அம்மாவுக்கு மூச்சு விட வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். காதருகில் குனிந்து, "பக்கத்து மரத்தையெல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன். கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் அம்மா போய்விட்டார்.

கருமாதியன்று பாப்பக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கம்மா சொன்ன மாதிரி எங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாய் சாமி என்று அழுதார். அன்றைக்கு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாப்பக்காவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் இதை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வெயிலில் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்த நர்சம்மாவுக்கும், காரியத்தை முன்னின்று நடத்திய மாமன்மார்களுக்கும், அம்மாவின் சொல்லுக்காகக் கையை நீட்டிய ஏழு பேருக்கும் என் நன்றி. மேடத்துக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மாவின் படிவத்தைத் திருத்த வேண்டும் என்று போன மாதம் கேட்டேன். மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். எழுதியதை அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடுதான் போட வேண்டும், பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது ஆய்வகத்து விதி. 'இல்லை' என்பதை அடித்து 'ஆம்' என்று எழுதினேன். என் வீட்டு முகவரியை அடித்துத் தோப்பின் பெயரை எழுதினேன். அடித்தது இன்னும் தெரிகிறது. பக்கத்தில் தேதியும், திருத்தியவன் கையெழுத்தும் இருக்கின்றன.