மூன்றாம் பாரத்துக் கேள்வித்தாள்

கோதண்டத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகப் பிடிக்கவில்லை. விடியும் முன்பே சுத்தியலையும் சிவப்புக் கொடிகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பி, பொன்பாடிப் பக்கம் நாலு மைல் தண்டவாளத்தோடு நடந்து போய், அதே நாலு மைல் திரும்பி வந்திருந்தான். ரயில்வேயில் அவன் கீமேன். தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் ஆப்புகளில் எது தளர்ந்திருக்கிறது என்று பார்த்து அடித்து இறுக்குவதுதான் வேலை. சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டைக் காலத்தில் ராணுவ வண்டிகள் இராப்பகலாக ஓடித் தேய்த்துவிட்டுப் போன பாதையை இன்னும் யாரும் சரிபண்ணவில்லை. முன்பு நூறு ஆப்பு அடித்த இடத்தில் இப்போது இருநூறு. வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது.

"போவலன்னா சின்னசாமி என்னா நெனைப்பாரு? கேட்டாண்ட வந்து நின்னு கூப்ட்டாரே" என்றாள் அவன் மனைவி ரஞ்சிதம். சலவை வேட்டியை எடுத்து வைத்திருந்தாள். ஒரு மஞ்சள் பையில் அரிசியும் கட்டி வைத்திருந்தாள். ரேஷன் காலம். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரவர் சாப்பாட்டுக்கான அரிசியைக் கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்த அழைப்பிலேயே போட்டிருந்தார்கள்.

மலைக்குப் போகும் வழியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் சின்னசாமி, போன மாசம் லெவல் கிராசிங்கில் இவனைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினான். "ஏம்பா, நீ கோதண்டம்தானே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டிப்பிடித்துக்கொண்டான். விடுதிப் பள்ளியில் படித்தவர்கள் எல்லாரையும் ஒருநாள் ஒன்று சேர்க்கப் போகிறோம், நீயும் வரணும் என்றான்.

"நான் முழுசாப் படிக்கலையே" என்றான் கோதண்டம்.

"மூணு வருசம் ஒரே கூடத்துல பாய் போட்டுப் படுத்துகினு இருந்தோம். அதுக்கு மேல இன்னா வேணும்? வாப்பா."

அந்தப் பள்ளி மலையடிவாரத்தில் ஒரு மர வியாபாரி கட்டி வைத்தது. பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு, தர்மத்துக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்கும் பிள்ளைகளும் உண்டு. கனகம்மாசத்திரத்துக்கு அப்பால் கூலி வேலை செய்துகொண்டிருந்த கண்ணையன், பதினோரு வயசில் தன் மகனை அங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தர்மப் பிள்ளைகளுக்கு வேலை ஒதுக்கியிருந்தார்கள். கோதண்டத்துக்கு ஹெட்மாஸ்டர் அறையைப் பெருக்கித் துடைத்து, அங்கே இருந்த மண்பானையில் தண்ணீர் நிரப்பி வைப்பது. படிப்பில் கெட்டிக்காரன். கணக்கில் அவனை அடிக்க ஆள் இல்லை. மூன்றாவது பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முழுப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது, ஹெட்மாஸ்டர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த கணக்குக் கேள்வித்தாள், அந்த அறையின் குப்பைக் கூடையில் துடைப்பத்துக்கு அடியிலிருந்து அகப்பட்டது. பெருக்குகிறவன் கோதண்டம். அவனைத் தவிர வேறு யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

நைனா வந்து அழைத்துப் போனார். வீட்டுக்குப் போன மறுநாள் சாயங்காலம் புளிய விளாரை முறித்துக்கொண்டு வந்தார். "எடுத்தேன்னு சொல்லுடா" என்று அடித்தார். "எடுக்கல நைனா" என்றான் இவன். மறுநாளும் அடித்தார். அதற்கடுத்த நாளும். பிறகு நிறுத்திவிட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்பனும் மகனும் ஏர் ஓட்டினார்கள், களை எடுத்தார்கள், ஒரே பானைக் கூழைக் குடித்தார்கள். ஆனால் பழைய மாதிரி நைனா அவன் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. அப்படியே ஏழு வருஷத்துக்கு முன் செத்தும் போனார்.

கோதண்டம் பத்தொன்பது வயசில் ரயில்வேயில் ஜல்லி கொட்டும் கூலியாகச் சேர்ந்து, பாதையைப் பழுது பார்க்கும் கேங்கில் ஆளாகி, கீமேன் ஆனான். கேங்கில் யாருக்குக் கடிதம் வந்தாலும் அவன்தான் படித்துக் காட்டுவான். மேஸ்திரி ஆகலாம் என்று ஒருமுறை இன்ஸ்பெக்டரே சொன்னார். பள்ளிக்கூடச் சர்டிபிகேட் கேட்டார்கள். சர்டிபிகேட்டில் நடத்தை என்கிற இடத்தில் ஹெட்மாஸ்டர் எழுதியிருந்ததை அவன் யாருக்கும் காட்டவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டான்.

இப்படி ஒரு ஆள்தான் அன்றைக்குச் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, அரிசிப் பையோடு, சித்திரை வெயிலில் மலையடிவாரத்துக்கு நடந்தான்.

பள்ளி மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. சண்டை நாளில் கட்டடத்தைத் தானியக் கிடங்காக வைத்திருந்தார்கள். கூடத்தில் இன்னும் சாக்கு நாற்றம் போகவில்லை. ஒரு நாற்காலியில் செத்துப்போன ஹெட்மாஸ்டரின் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். தலை நரைத்தவர்கள், தொந்தி போட்டவர்கள், கண்ணாடி போட்டவர்கள். கோதண்டம் அரிசியைச் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டு, சுவரோரமாக இருந்த பெஞ்சியில் போய் உட்கார்ந்தான். முதுகுக்குச் சுவர் கிடைத்ததே பெரிய சுகமாக இருந்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேரையும் இப்போது பார்க்கும் வேலையையும் சொன்னார்கள். இவன் முறை வந்தபோது "ரயில்வேல இருக்கறேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தான். பேரைச் சொல்ல மறந்தது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது.

பிறகு பழைய கதைகள் தொடங்கின. மூட்டைப்பூச்சிக் கதை, களியில் பல்லி விழுந்த கதை. கூடம் சிரிப்பில் அதிர்ந்துகொண்டிருந்தது. கோதண்டம் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது பரசுராமன் எழுந்தான். சித்தூரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். வெள்ளைக் கோட்டு, கையில் குடை. அந்தக் காலத்தில் பணம் கட்டிப் படித்த பிள்ளை. கோதண்டத்துக்கு இரண்டு பாய் தள்ளிப் படுத்தவன்.

"ஹெட்மாஸ்டர் படத்துக்கு முன்னாடியே ஒரு திருட்ட ஒத்துக்கறேன்" என்று கை கூப்பிக்கொண்டு ஆரம்பித்தான். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். "மூணாவது பாரத்துல கணக்குன்னா எனக்குக் காய்ச்சல் வரும். எல்லாரும் பிரார்த்தனையில இருக்கும்போது வயித்து வலின்னு சொல்லிட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்குள்ள பூந்தேன். சாவி, அவரு கழட்டி மாட்டியிருந்த சட்டைப் பையிலயே இருந்துச்சு. கேள்வித்தாள எடுத்துட்டேன். தொடையில, லேசுல அழியாத காப்பிப் பென்சிலால அஞ்சு கணக்க எழுதிட்டேன். அதுக்குள்ள செருப்புச் சத்தம்! எங்க வைக்கறதுன்னு தெரியல. குப்பைக் கூடையில சொருகிட்டு ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சேன்."

கூடம் குலுங்கிச் சிரித்தது.

"கேளுங்க, இன்னும் கேளுங்க. காயிதம் போன விசயம் தெரிஞ்சு ஹெட்மாஸ்டர் வேற கேள்வித்தாள் எழுதிட்டாரு. நான் தொடைய மூடிக்கினே நாலு நாள் குளிக்காம இருந்ததுதான் மிச்சம். எவ்ளோ மார்க்கு வாங்கினேன் தெரியுமா? பன்னெண்டு!"

பக்கத்திலிருந்தவர்கள் அவன் தோளில் தட்டினார்கள். சிரிப்பு அடங்கும் நேரத்தில் பரசுராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுல பாவம், ஒரு தர்மப் பையன அனுப்பிட்டாங்க. பேரு கூட... மறந்துபோச்சு" என்று சொல்லி உட்கார்ந்தான்.

அடுத்த ஆள் எழுந்து கிணற்றில் வாளி விழுந்த கதையைத் தொடங்கிவிட்டார்.

கோபம் வரும் என்று கோதண்டமே எதிர்பார்த்தான். வரவில்லை. கால் முட்டியில் காலையிலிருந்து இருந்த வலிதான் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் யார் யாரையோ சந்தேகப்பட்டிருக்கிறான். சமையல்காரரை, வாட்ச்மேனை, ஒருமுறை ஹெட்மாஸ்டரையே. பரசுராமனை நினைத்ததில்லை. அவன் அவ்வளவு சாதுவான பையன்.

கூடத்தில் ஒரே ஒருத்தன்தான் இவன் பக்கம் திரும்பிப் பார்த்தான். சின்னசாமி. ஆட்களைத் தாண்டிக்கொண்டு வந்து குனிந்தான்.

"கோதண்டம், எனக்குச் சத்தியமாத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா உன்னக் கூப்ட்டிருக்க மாட்டேன்."

"கூப்ட்டது நல்லதாப் போச்சு" என்றான் கோதண்டம்.

பந்தி போட்டார்கள். ஆளுக்கொரு வகை அரிசி கொண்டுவந்து ஒரே அண்டாவில் கொட்டியதால் சாதம் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருந்தது. அதைச் சொல்லியும் சிரித்தார்கள். கோதண்டம் இலையில் விழுந்ததை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். பிறகு கை கழுவும் இடத்தில், பரசுராமன் வரும்வரை நின்றான்.

"அந்தப் பையன் பேரு கோதண்டமுங்க" என்றான்.

பரசுராமன் துண்டால் வாயைத் துடைத்தபடி, "எந்தப் பையன்?" என்றான்.

"அனுப்பிட்டாங்கன்னு சொன்னீங்களே. நாந்தான் அது."

பரசுராமன் முதலில் சிரித்தான். இவன் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தான். "அடடா... சின்னப் பசங்க, புத்தி இல்லாத வயசு. அப்புறமா சொல்லிடலாம்னுதான் இருந்தேன். பயம். நாளாக நாளாக அது ஒரு கதை மாதிரி ஆயிடுச்சுப்பா. மனசுல வச்சுக்காத. எங்க ஆபீசுல எதுனா காரியம் ஆவணும்னா வா, நான் இருக்கறேன்."

"காரியம் ஒண்ணும் வேணாம். எங்கம்மா உயிரோட கீறாங்க. இப்ப சொன்னத அவங்ககிட்ட நீ வந்து சொல்லணும்."

இத்தனை நேரம் போட்டுக்கொண்டிருந்த மரியாதை எங்கே போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

"இப்பவா? எனக்கு வண்டிக்கு நேரமாவுதே."

"உன் வண்டி நேரம் எனக்குத் தெரியும். இன்னும் ஒண்ணரை மணி நேரம் கீது. ஊடு டேசனுக்குப் போற வழியிலதான்."

பரசுராமனுக்குச் சொல்ல வேறு சாக்கு அகப்படவில்லை. இரண்டு பேரும் நடந்தார்கள். தார் உருகும் வெயில். பரசுராமன் குடையை விரித்து, கொஞ்ச தூரம் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தான், பிறகு இவன் பக்கமும் சாய்த்துப் பிடித்தான். கடைத்தெருவைத் தாண்டினார்கள். "எத்தினி குழந்தைங்க?" என்று கேட்டான் பரசுராமன். "ஒரே பொண்ணு" என்றான் இவன். அவ்வளவுதான்.

கோதண்டத்தின் அம்மா தாயாரம்மாள் வாசலில் சாக்கை விரித்து, முறத்தில் ரேஷன் சோளத்தைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோட்டுப் போட்ட ஆளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"குந்தும்மா. எங்கூடப் படிச்சவரு. உங்கிட்ட ஒண்ணு சொல்ல வந்திருக்கறாரு."

பரசுராமன் குடையை மடக்கினான். கூடத்தில் அவ்வளவு அழகாக வந்த கதை இங்கே வரவில்லை. காப்பிப் பென்சிலைப் பற்றி ஒன்றும் இல்லை, ஜன்னலைப் பற்றியும் இல்லை. "அன்னிக்குக் கேள்வித்தாள எடுத்தது நானுங்கம்மா. உங்க பிள்ளை இல்ல. நான் சொல்லாம இருந்துட்டேன். தப்புத்தான்" என்றான்.

தாயாரம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அப்ப எத்தினி வயசு?" என்றாள்.

"பதினாலுங்கம்மா."

"இவனுக்கும் பதினாலுதான்."

மருமகளைக் கூப்பிட்டு வந்தவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். பரசுராமன் நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். கோதண்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். குடையை விரிக்கவே இல்லை.

கோதண்டம் அம்மா பக்கத்தில் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான். "நைனா இருந்து கேட்டிருக்கணும்" என்றான். "கடைசி வரைக்கும் நான் திருடன்னே நெனச்சுகினு போயிட்டாரு."

தாயாரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"யார்ரா சொன்னது அப்படி? உன்ன இட்டாந்த மறுநாளு அவரு திரும்பியும் அங்க போனாரு. உனக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டரு கால்ல உழுந்தாரு. பையன் ஒத்துக்கினு எழுதிக் குடுத்தா மறுபடியும் சேத்துக்கறேன்னாரு அவரு. நீ எடுக்கலன்னு உங்க நைனாவுக்குத் தெரியும். எடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா படிச்சுடுவியேன்னுதான் அந்த அடி அடிச்சாரு. நீ வாயத் தொறக்கல. மூணாம் நாளு விளார வீசிப் போட்டுட்டு மாட்டுக் கொட்டாயில போய் அழுதாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எடுக்காதவனப் போய் எடுத்தேன்னு சொல்லச் சொல்லி எப்படிக் கேக்கறதுன்னு அவருக்குக் கூச்சம். அப்புறம் உன் மொகத்தப் பாக்கவும் கூச்சம். என்னையும் சொல்லாதன்னுட்டாரு. அவரு போனப்புறமும் அந்த வார்த்தைய மீற மனசு வரல."

கோதண்டம் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டான். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் நாலாவது பாரம், ஐந்தாவது பாரம், மேஜை நாற்காலி போட்ட வேலை. சொல்லாததற்குத் தண்டவாளம். அன்றைக்கு யாராவது விஷயத்தை விளக்கிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்று யோசித்துப் பார்த்தான். அந்தப் பதினாலு வயசுப் பையன் என்ன செய்திருப்பான் என்று இவனுக்குத் தெரியவில்லை. அடி வாங்கிய முதுகு மட்டும் நன்றாக நினைவிருந்தது. அப்போதும் அழவில்லை, இப்போதும் அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஈரச் சாக்கு மாதிரி கனத்தது.

"எடுக்கலையேம்மா" என்றான்.

"ஆங். எடுக்கலதான்" என்றாள் தாயாரம்மாள்.

ரஞ்சிதம் உள்ளேயிருந்து, "சாப்பாடெல்லாம் எப்படி?" என்று கேட்டாள்.

"சாதம் வேகல" என்றான். சலவை வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, அழுக்கு வேட்டியைக் கட்டிக்கொண்டு, அம்மா கல் பொறுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். பரசுராமன் ஏறிய வண்டி வீட்டைத் தாண்டிப் போனபோது தரை அதிர்ந்தது. அவன் தூங்கியிருந்தான்.