கிழித்துப் போட்ட கதை

ஒரு தபால் கார்டுக்குள் அடங்கும்படி கதை எழுதச் சொல்லி எங்கள் செங்கல்பட்டு மாதப் பத்திரிகை போட்டி வைத்திருந்தது. முடிவு வெளியான வாரம், கோவளத்திலிருந்து பஸ் ஏறி அவர் ஆபீசுக்கு வந்தார். கட்டுமரத்தில் மீன் பிடிப்பவர். உப்பில் வெளுத்த புருவம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"கோவளத்துலேர்ந்து வர்றேன். நம்ம கதை இன்னாச்சு, நைனா?"

கோவளம் என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. 'பம்பாய்க்கு வேலைக்குப் போன உங்கள் மகன் காய்ச்சலில் தவறிவிட்டான்' என்று அங்கிருந்து ஒரு கார்டு வந்திருந்தது. கதை என்று அதில் எங்கும் போடவில்லை. விலாசம் மாறி வந்த சாவுச் சேதி என்று நினைத்து, அதை உள்ளே வைக்கக் கூடாதென்று மானேஜர் வாசலிலேயே கிழித்துப் போட்டார். கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க வூட்லயும் அப்டித்தான். பம்பாய்லேர்ந்து நெசமாவே வந்த கார்ட, நான் கடல்லேர்ந்து வர்றதுக்குள்ள படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டாங்க. எம் புள்ளயப் பத்தி இன்னா எழுதியிருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல. அதான் நானா எழுதிப் பாத்தேன். புஸ்தகத்துல வந்தா யாரும் கிழிக்க மாட்டாங்கல்ல."

புதுக் கார்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். திரும்ப எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் போடச் சொல்கிறேன் என்றேன். வாங்கி, வெறும் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இன்னொரு வாட்டி அவன் சாவணுமா, நைனா?"

உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அந்தக் கார்டில் நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை.