சொல்லாமல் போனவள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவள் நான். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மகளுக்கு ஆறு மாதம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். காலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்தில் அக்கா அவளைப் பின்வாசலுக்குத் தூக்கிப்போய் ஆடு காட்டுவார். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக நழுவி, தெருமுனையில் மாட்டிக்கொள்வேன். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவள் வெறுங்காலோடு ஓடினேன். அதைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு வயதானபோது வேலூரிலிருந்து ஒரு பெண் வந்தார். குழந்தைகள் தங்களை வளர்ப்பவர்களிடம் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. பொம்மைகள் உள்ள அறையில் நான் குழந்தையோடு உட்கார வேண்டும். அவர் சொன்னதும் வெளியே போய், சில நிமிடத்தில் திரும்ப வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர, வாரம் முழுக்க அதே நினைப்பு. நான் போனதை அவள் கவனிக்கவே இல்லையென்றால்? அக்காதான் அம்மா என்று ஆகிவிட்டிருந்தால்?

அந்த அறையில் அவள் ஒரு பொம்மையைக்கூடத் தொடவில்லை. என் முந்தானையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். நான் எழுந்ததுமே அலறினாள். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டேன். பாவி, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. திரும்பி வந்து தூக்கினால், கழுத்தைக் கட்டிக்கொண்டே என் கன்னத்தில் பட்பட்டென்று அறைந்தாள். இறங்கத் திமிறினாள். இறக்கினால் மறுபடி காலைக் கட்டிக்கொண்டாள்.

"வேலைக்குக் கிளம்பும்போது பாப்பாகிட்ட சொல்லிட்டுப் போவீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"சொன்னா அழுவாளே மேடம்! பஸ் போய்டும். நீங்க இன்னா, வந்து புடிச்சுக்குவீங்களா?"

அவர் அதை எழுதிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வீட்டில் அம்மா இல்லை. எந்த நேரம் காணாமல் போவேன் என்று தெரியாத குழந்தை பொம்மையைப் பார்ப்பாளா, என்னைக் காவல் காப்பாளா?

மறுநாள் அவள் கண்ணெதிரிலேயே செருப்பை மாட்டினேன். "அம்மா வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்துடுவேன்." தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"ஏம்மா இந்தப் பேஜாரு? நைசா போய்ட்டா முடிஞ்சுதுல்ல?" என்று அக்கா சலித்துக்கொண்டார்.

"இல்லக்கா, பாக்கட்டும்."

பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இப்படியே இரண்டு வாரம் போனது. நாளைக்கு ஆட்டையே காட்டிவிடலாம் என்று தினமும் நினைத்தேன்.

ஒரு காலை, ஒற்றைச் செருப்பைக் காணோம். அக்கா மடியில் மகள் அதை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, கத்தல் இல்லை. பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

"சரி, வச்சுக்கோ. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லி, அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் நான் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் செருப்பை நீட்டினாள். வார் முழுக்க எச்சில். துடைக்காமல் அப்படியே மாட்டிக்கொண்டேன்.