துணைக்குப் போனவன்

இடுப்பு வலி என் மாமனாருக்குத்தான். சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், குனிந்தால் நிமிர முடியாமல் போனது. வலி தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. மகன் இல்லாதவர் என்பதால் நான் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். மாமனார் பல்லைக் கடித்தார். பிறகு சின்ன ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டியதும் கால் துள்ளியது.

"நான் ஒதைக்கலீங்க சாமி, அதுவா போயிருச்சுங்க" என்றார் மாமனார் பதறிப்போய்.

டாக்டர் சிரித்தார். முதுகெலும்பில் நரம்பு அழுந்துகிறது, பலகையில் படுத்து ஓய்வெடுத்தால் சரியாகும் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமனாருக்குச் சட்டை போட்டுவிட்டேன். பொத்தான் என் வலக்கையிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

"உங்க கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. இஸ்திரி போடற வேலைங்க. முழங்கையில கொஞ்ச நாளா வலி."

டாக்டர் என்னை உட்காரவைத்தார். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி, "விடாதீங்க" என்று இழுத்தார். அது தானாக வந்துவிட்டது. முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். உள்ளே கயிறு மாதிரி ஏதோ புரண்டது. உயிர் போவதுபோல் வலித்தது.

"கண்ணை மூடிக்குங்க. குத்தினா சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெளியே யாரோ இருமினார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்பங்க குத்துவீங்க?" என்றேன்.

"குத்தி முடிச்சாச்சு."

கண்ணைத் திறந்தேன். சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அது என் விரல்தான் என்று நம்ப முடியவில்லை. அதே விரலின் ஓரத்தில் ஒரு தீக்காயம் காய்ந்து கிடந்தது. இஸ்திரிப் பெட்டி எப்போது சுட்டது என்றே எனக்குத் தெரியாது. டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, மேல்கையில் வெளுத்திருந்த இடத்தைப் பஞ்சால் தடவினார். அங்கும் உணர்ச்சி இல்லை. தேமல் என்று நினைத்து என் மனைவி அதில் எண்ணெய் தடவி வந்தாள்.

"இது தொழுநோய். ஆரம்பத்துலயே வந்துட்டீங்க. மாத்திரை இருக்கு."

மாமனார்தான் கேட்டார். "பெருவியாதிங்களா? எம் புள்ளைக்கு ஒட்டியிருக்குமுங்களா?"

மகளையும் பேத்தியையும் கூட்டிவந்து காட்டச் சொன்னார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உட்காருங்க மாமா என்றேன். காதில் விழாதவர்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்த இடுப்போடு, அவர் இறங்க வேண்டிய சோமனூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட வார்த்தையைவிட அதுதான் என்னை அடித்துப்போட்டது.

மறுநாளே வந்து மகளையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். இருவருக்கும் ஒன்றுமில்லை. அங்கிருந்து நேராகத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். என் மனைவி இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வாரம் திரும்புவதற்குள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வந்து நின்றாள்.

"மாமா விட்டாரா?" என்றேன்.

"நான் கேக்கலீங்க. இத்தன நாளா எண்ணெ தேச்சது நாந்தானுங்களே? வர்றதா இருந்தா எனக்குத்தானுங்க மொதல்ல வந்திருக்கோணும். மாத்திர எங்கீங்க?"

வருஷக்கணக்கில் சாப்பிட்டேன். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. இஸ்திரி மேஜையை விட்டு, மடித்துக் கட்டும் வேலைக்கு மாறிக்கொண்டேன். நோய் போய்விட்டது. இரண்டு விரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது.